கண்டிக்கு வந்த புகையிரதம்: சொன்னதும் செய்ததும்

கணினித் திரையிலும் தொலைக்காட்சித் திரையிலும் கார்ப் பந்தயம் ஓட்டி மகிழும் இளைஞர் இன்று உலகெங்கும் உளர். அந்த விளையாட்டுக்களை ஆக்கி விற்போருக்கு ஒரு வழக்கம் உண்டு. பண்டம் கைக்கு வருவதற்கு நெடுநாள் முன்னரே அதன் சிறப்புக்களைப் பறைசாற்றி விடுவார்கள். 'கிரான் டூரிஸ்மோ' என்னும் புகழ்பெற்ற பந்தய விளையாட்டு, சோனி நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கும் வரப்போகிறது என்று 2004ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. வந்து சேர்ந்தது 2009 அக்டோபரில். அறிவிப்பைக் கேட்டபோது பத்து வயதாயிருந்த சிறுவனுக்கு, அது வந்தபோது பதினைந்து வயது! 'டிரைவ்கிளப்' என்ற மற்றொன்று 2013 இறுதியில் வெளிவர வேண்டியது. 2014 அக்டோபரில் வெளிவந்தது. நண்பர்கள் கழகம் அமைத்துக்கொண்டு, இணையத்தின் வழியே ஒருவரோடொருவர் பந்தயமிடலாம் என்பதே அதன் தலையாய சிறப்பு. அந்தப் பெயரே அதனால் வந்தது. வெளியான நாள்களில் அந்த இணைப்புத்தான் வேலை செய்யவில்லை. பந்தயப் பாதையில் மழை பெய்வது அவ்வாண்டு டிசம்பரிலே சேர்க்கப்பட்டது. சந்தாதாரருக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்ன பதிப்பு 2015 ஜூன் வரை பிந்திற்று.

இதை இந்தக் காலத்து வணிகர்கள் கண்டுபிடித்த தந்திரமென்று முதியோர் கருதுவதுண்டு. அவ்வாறு கருதுவதற்கு இடமில்லை. வேகத்தை விற்பவர்கள், அந்த வேகம் உண்டாவதற்கு முன்னரே அதற்கு விலை சொல்லும் வழக்கம் புகையிரதத்தோடு பிறந்தது. 1840களில் இங்கிலாந்திலே புகையிரதப் பித்து ஒன்று தலைக்கேறியிருந்தது. இன்னின்ன ஊருக்கு இருப்புப் பாதை போடப் போகிறோம், இவ்வளவு செலவு, இவ்வளவு இலாபம் என்று ஒரு தாளில் அச்சிட்டுவிட்டால், பங்கு வாங்குவதற்கு மக்கள் முண்டியடித்தனர். அவற்றுட் பல பாதைகள் அந்தத் தாளோடு நின்றன. அந்தப் பித்து உச்சத்தில் இருந்த 1845ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரில், இலங்கைப் புகையிரதக் கம்பனி என்றொரு கம்பனி தோன்றியது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் விடுவதே அதன் நோக்கம்.

ஏன் கண்டிக்கு? கண்டி அதுவரை மலையரணுக்குள் இருந்த இராசதானி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதை நிலையாகப் பிடிக்க முடியாமற் போனதற்கு, வீரத்தோடு வழியின்மையும் ஒரு காரணம். 1815 மார்ச் மாதத்து உடன்படிக்கையினால் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், அவர்கள் செய்த முதற்பெருவேலை பாதை வெட்டியதுதான். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசன் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில், கொழும்பு-கண்டிப் பெருந்தெரு உருவாயிற்று. கடுகண்ணாவையில் அது ஒரு பாறையைத் துளைத்துச் சென்றது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி வசமாகும் என்றொரு பழஞ்சொல் இருந்ததாகக் கூறுவர். இராசகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தைக் கொண்டே அந்தத் தெரு வெட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவை ஏற்றத்தின் உச்சியில் நிற்கிறது. அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

தெரு வந்ததும் கோப்பி வந்தது. 1820களில் கம்பளைப் பக்கத்திலும், பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் பரீட்சையாக நடப்பட்ட கோப்பி, 1840களில் கண்டியைச் சுற்றிய மலைகளையெல்லாம் மூடியது. காட்டை அழித்தார்கள், எரித்தார்கள், நட்டார்கள். நட்டதை விற்கவேண்டுமானால் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு போகவேண்டும். கொண்டு போவதற்கு மாட்டு வண்டிதான் இருந்தது. கண்டியிலிருந்து கொழும்பு எழுபத்திரண்டு மைல். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றிலே புதையும். மாட்டுக்கு நோய் கண்டால் பாதை முழுவதும் பிணநாற்றம் வீசும். மூட்டைகள் வழியிலே நனைந்து நிறம் மாறும். இலண்டன் சந்தையில் விலை விழும். இறங்கிய வண்டிகள் வெறுமையாகத் திரும்பவுமில்லை. தோட்டத்துத் தொழிலாளர் உண்ணும் அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, இதே வண்டிகளில்தான் மலையேறியது. கோப்பி இறங்குவதற்கும் அரிசி ஏறுவதற்கும் இருந்த ஒரே குழாய் அது. அந்தக் குழாயோ அடிக்கடி அடைத்துக்கொண்டது.

ஆகவே புகையிரதம் என்ற பேச்சுக் காதில் விழுந்ததும் தோட்டத் துரைமார் துள்ளி எழுந்ததில் வியப்பில்லை. முன்னர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பதவி வகித்த பிலிப் அன்ஸ்ட்ரதர் கம்பனியின் தலைவராக அமர்ந்தார். 1846இல் பாதை அளக்கவும் தொடங்கினார்கள். 1847இல் இங்கிலாந்திலே பண நெருக்கடி உண்டாயிற்று. கோப்பி விலையும் சரிந்தது. நேற்று முதலாளியாய் இருந்தவன் இன்று கடன்காரனானான். கம்பனியின் தாள்கள் பெட்டிக்குள் போயின. 1848இல் தேசாதிபதி டொரிங்டன், ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும் என்று சட்டம் பிறப்பித்தார். அதனோடு சேர்ந்த வேறு வரிகளும் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகமாக வெடித்த கதையை நேயர்கள் அறிவர். துரைமாருக்குப் புகையிரதம் வரவில்லை. குடியானவனுக்கு வரி மட்டும் வந்தது.

எட்டாண்டு கழித்துப் பேச்சு மீண்டும் உயிர்பெற்றது. 1854இல் தோட்டத் துரைமார் கண்டியில் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இலங்கைப் பெருந்தோட்டக்காரர் சங்கம் அதுவே. பாதை, தொழிலாளர், புகையிரதம் ஆகிய மூன்றையும் பற்றி அது ஓயாமல் முழங்கியது. 1855இல் வந்த தேசாதிபதி சர் ஹென்றி வார்ட் பொதுவேலைகளில் வேட்கையுடையவர். கம்பனி போடும் முதலுக்கு வட்டியை அரசாங்கம் உத்தரவாதம் செய்யும் என்று ஏற்பாடாயிற்று. அதற்கு ஈடாகக் கோப்பி ஏற்றுமதிமீது ஒரு தனிவரியைத் துரைமார் தாமே ஒப்புக்கொண்டனர். வரியைக் கேட்டு வாங்கிக்கொண்ட வியாபாரிகள் உலகத்தில் அரிது. அவ்வளவுக்கு அந்த வாக்கை அவர்கள் நம்பினார்கள்.

வாக்கை அளந்து பார்க்க 1857இல் கப்டன் மூர்சம் என்ற அனுபவமுள்ள பொறியியலாளர் அனுப்பப்பட்டார். அவர் ஆறு வழிகளை ஆராய்ந்து, மூன்றாம் வழியே சிறந்தது என்று அவ்வாண்டு மே மாதத்தில் அறிக்கை தந்தார். அந்த வழியில் ஏற்றம் அறுபதுக்கு ஒன்றுக்கு மேல் இராது. அதாவது அறுபது அடி தூரம் சென்றால் ஓரடி உயர்வு. குடைய வேண்டியது குறுகிய சுரங்கம் ஒன்று. செலவு 856,557 பவுண். இந்தத் தொகையின் கடைசி ஏழு பவுணைச் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். காடும் செங்குத்துப் பாறையும் மலைக்காய்ச்சலும் நிறைந்த ஒரு நாட்டிலே, ஒரு மழைக்காலத்தில் எத்தனை அணை இடிந்து விழும் என்று அறியாத நிலையிலே, கடைசி ஏழு பவுண் வரை கணக்குச் சொல்லப்பட்டது. எட்டரை இலட்சம் என்று சொல்லியிருந்தால் கேட்டவர் ஐயப்பட்டிருப்பர். ஏழிலே முடிந்த தொகை, எண்ணிப் பார்த்த தொகைபோலத் தோன்றும் அன்றோ?

மூர்சம் பொய்யர் என்று சொல்வது நியாயமாகாது. சில மாத காலத்திலே, மரங்களுக்கிடையே கருவியை நட்டு அளந்து, தரையின் மேற்புறத்தைக் கண்டு அவர் சொன்ன கணக்கு அது. தரையின் உட்புறம் வெட்டும்போதுதான் தெரியும். பிழை கணக்கிலே பாதி. அந்தக் கணக்கை முடிந்த முடிபாகக் கொண்டு எல்லோரும் கையெழுத்திட்டதிலே மறுபாதி.

1858 ஆகஸ்ட் 3ஆம் நாள் சர் ஹென்றி வார்ட் முதல் மண்வெட்டு வெட்டினார். வேலையின் பொறுப்பை ஏற்ற தலைமைப் பொறியியலாளர் டொயின் என்பவர். அவர் பாதையைத் திரும்ப அளந்தார். பாறையைத் தட்டிப் பார்த்தார். ஆற்றின் வெள்ள அடையாளங்களைக் கண்டார். கண்டபின் அவர் தந்த மதிப்பு இருபது இலட்சம் பவுணைத் தாண்டிற்று. முன்சொன்ன தொகையில் இரண்டரை மடங்கு! கொழும்பிலும் கண்டியிலும் பெருங்கூச்சல் எழுந்தது. ஏமாற்றினார்கள் என்றனர் சிலர். டொயினுக்குக் கணக்குத் தெரியாது என்றனர் பலர். கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவன்மீது கோபப்படுவது எக்காலத்தும் உள்ள வழக்கம். உண்மையில், அந்தக் கதையிலே மலையை நேரிற் கண்டு உள்ளதைச் சொன்னவர் அவரே எனலாம். 1861இல் கம்பனியோடு செய்த ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. பங்குதாரர் போட்ட முதலை அரசாங்கம் திருப்பிக் கொடுத்தது. இலண்டனிலே தாளை நம்பிப் பணம் போட்டவருக்கு நட்டமில்லை. முதல் திரும்பிவந்தது, இடைக்காலத்து வட்டிக்கு இலங்கையின் பொதுவருவாய் பிணை நின்றது. அந்தப் பொதுவருவாயில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது? இறக்குமதி அரிசிமீது விதித்த தீர்வையிலிருந்து. தோட்டத்துத் தொழிலாளி ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் அதைச் செலுத்திக்கொண்டிருந்தான்.

பின்னர் அரசாங்கமே வேலையைக் கையிலெடுத்தது. 1862 இறுதியில் பேவியல் என்பவரின் கேள்விப்பத்திரம் ஏற்கப்பட்டது. இவர் கை தேர்ந்தவர். இந்தியாவின் முதற்புகையிரதம் 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியதே, அந்தப் பாதையை அமைத்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர். அதன்பின் மேற்கு மலைத்தொடரில் போர் காட் கணவாய்ப் பாதையை எடுத்து, 1859இல் இடையிலே கைவிட்டவர். அந்த வேலையைத் தொடர வந்த சாலமன் டிரெட்வெல் இந்தியாவுக்கு வந்த சில நாளிலே நோயால் இறக்க, அவர் மனைவி அலிஸ் முன்னின்று முடித்தார் என்பது தனியே சொல்லத்தக்க கதை. மலையில் ஒருமுறை தோற்றவனுக்கு மலையின் விலை தெரியும். பேவியலும், தலைமைப் பொறியியலாளர் மோல்ஸ்வொர்த்தும் சேர்ந்து வேலையை நடத்தினர்.

அவர்கள் கடைசியிலே கட்டிய பாதை, மூர்சம் சொன்ன பாதை அன்று. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றம் பன்னிரண்டு மைல். உயர்வு சுமார் 1,400 அடி. அறுபதுக்கு ஒன்று என்று சொன்ன சரிவு, நாற்பத்தைந்துக்கு ஒன்றாயிற்று. சொன்ன சரிவிலேயே அந்த உயரத்தை ஏறவேண்டுமானால் பாதை பதினாறு மைல் நீண்டிருக்கும். நான்கு மைல் பாதையை மிச்சம்பிடித்தார்கள். அதற்கு ஈடாக, நீராவிக் காலம் முழுவதும் ஒவ்வொரு பெரு வண்டிக்கும் பின்னால் இன்னொரு இயந்திரம் நின்று முக்கித் தள்ளவேண்டியதாயிற்று. குறுகிய சுரங்கம் ஒன்று போதும் என்றார்கள். சுரங்கங்கள் பல குடையப்பட்டன. அலகல்லை மலையின் செங்குத்துப் பாறையிலே வெட்டிய விளிம்பில் வண்டி ஊர்ந்து செல்லும்போது, சன்னலோரத்தில் இருப்பவர் கீழே பார்க்க அஞ்சுவர். வெள்ளையர் அந்த இடத்துக்கு 'பரபரப்புப் பாறை' என்று பொருள்படப் பெயரிட்டனர். அது அமைந்த முறையைப் பொறியியல் நூல்கள் பாராட்டுகின்றன, பாராட்டுக்குத் தகுதியானதும்கூட. அந்த விளிம்பை வெட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் மிகப்பலர். மலையடிவாரத்துக் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. டோசனுக்குக் கோபுரம் நிற்கும் கடுகண்ணாவையில் அவர்களுக்கென்று ஒரு கல்லும் நடப்படவில்லை.

1864 டிசம்பர் 27ஆம் நாள் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடிற்று. பின்னாளில் பெல்ஜிய நாட்டு அரசர் இரண்டாம் லியோபோல்ட் ஆன இளவரசர், அப்போது இலங்கைக்கு விருந்தினராக வந்திருந்தார். அவருக்காக ஓடிய வண்டி அது. பொதுமக்கள் ஏற 1865 அக்டோபர் 2 வரை காத்திருக்க நேர்ந்தது. முழுமையாகாத ஒன்றை விருந்தினருக்கு ஓட்டிக் காட்டிவிட்டு, வாங்குபவரைக் காக்க வைப்பது அன்றும் இருந்தது போலும். மலையேறிக் கண்டியை வண்டி அடைந்தது 1867இல். இலண்டனில் தாள் அச்சிட்ட நாளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டு. முதல் மண்வெட்டிலிருந்து ஒன்பது ஆண்டு.

ஆயினும் வண்டி வந்தது. இதை மறைத்தல் ஆகாது. டொயினின் தொகையை 1856இலேயே ஒருவர் உள்ளபடி சொல்லியிருந்தால், தேசாதிபதி கையெழுத்திட்டிருப்பாரா? துரைமார் வரியை ஒப்புக்கொண்டிருப்பார்களா? ஐயமே. குறைத்துச் சொன்ன கணக்கினால் தொடங்கிய வேலை, கூட்டிச் சொன்ன கணக்கினால் முடிந்தது. இதைக் கொண்டு குறைத்துச் சொல்வதுதான் நல்லது என்று வாதிடுவாரும் உண்டு. அந்த வாதம், பிற்பாடு கணக்கைத் தீர்ப்பது யார் என்ற கேள்வியைக் கேளாதவரைதான் நிற்கும். கொழும்பு-கண்டிப் பயணத்தைச் சுருக்கும் அதிவேக நெடுஞ்சாலையின் கதையும் இவ்வகையினதே. அதில் மீரிகமையிலிருந்து குருநாகல் வரையுள்ள நடுப்பகுதி 2022 ஜனவரி 15ஆம் நாள் திறக்கப்பட்டது. கொழும்பை நோக்கிய முனையும் கண்டியை நோக்கிய முனையும் அன்று முடிந்திருக்கவில்லை. தலையும் வாலும் இன்றி உடல் மட்டும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டின் பொருளாதார வீழ்ச்சி, எஞ்சிய வேலையை நிறுத்திப் போட்டது.

கோப்பிக்காக வந்த புகையிரதம் கோப்பிக்கு எவ்வளவு காலம் பயன்பட்டது? வண்டி கண்டிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, 1869இல், மடுல்சீமைப் பக்கத்திலே கோப்பி இலையின் அடியில் மஞ்சட்பொடி போன்ற ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. முதலில் எவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சில ஆண்டுகள் விலை உயர்ந்திருந்ததால் நோயின் வேகம் கண்ணுக்குத் தெரியவுமில்லை. 1880களில் மலைநாட்டுக் கோப்பி அழிந்தது. வரியைக் கேட்டு வாங்கிக்கொண்ட துரைமாரிற் பலர் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினர். ஆனால் வண்டி கண்டியை அடைந்த அதே 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அன்று அதை எவரும் விழாவெடுத்துக் கொண்டாடவில்லை. கோப்பியின் பெயரால் வாக்களித்து, கோப்பியின் வரியால் கட்டிய பாதை, தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தே நிலைத்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் அது நீண்டது.

இனி, அந்த வாக்கிலே பெயரே இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கோப்பித் தோட்டத்துக்குக் கைகளாக இருந்தவர்கள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களுக்கும் ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. அது தாளில் அச்சிடப்படவில்லை. கோப்பிச் செடியின் தூரைத் தோண்டினால் பொன் கிடைக்கும் என்று ஆள்கட்டியவர்கள் ஆசை காட்டியதாக மலையகத்திலே இன்றும் கதை வழங்குகிறது. கங்காணி கொடுத்த முன்பணம் முதல்நாளே கடனாகக் கணக்கில் ஏறும். அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி 'துண்டு' என்னும் சீட்டு முறை அவர்களைக் கட்டிப்போட்டது; அது சட்டத்தால் ஒழிந்தது 1921இலே. செலவு எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று அவர்களுக்கு எந்தப் பொறியியலாளரும் அறிக்கை தரவில்லை.

அவர்கள் நடந்தார்கள். மன்னார்க் கரையிலே தோணியை விட்டிறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது மைல். நீர்நிலை வற்றிய கோடையிலும், பாம்பும் காய்ச்சலும் பெருகிய மாரியிலும் அந்தக் காட்டுவழியில் விழுந்தவர் தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். வழியோரத்தில் எலும்புகள் கிடந்தன என்பதில் வாதமில்லை. 1867இல் கண்டிக்கு வண்டி வந்தபோதும் அவர்கள் நடந்தே வந்தனர். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப் பாதை போடப்பட்டது. மாத்தளைக்கு வடக்கேதான் அந்தக் காடு. வண்டியோ மாத்தளையோடு நின்றது. கோப்பி எங்கு முடிந்ததோ அங்கு புகையிரதமும் முடிந்தது. காட்டுவழி மூடப்பட்டது நூற்றாண்டின் இறுதியிலே. அதுவும், நோய் தோட்டங்களுக்குப் பரவிவிடும் என்ற அச்சத்தால். அதன்பின் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு வழியாக வரச்செய்தனர். பொல்காவலையிலே பிரிந்து வடக்கே செல்லும் பாதை 1905இல் முற்றுப்பெற்றது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ஒரு கிளை போடப்பட்டு, 1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோதுதான், தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கண்டி வரை ஒரு தொழிலாளி, கடல்வழி சிறிது தவிர, இருப்புப் பாதையிலேயே வரமுடிந்தது. துரையின் கோப்பிக்கு வண்டி கிடைத்து நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன. வழியிலே மண்டபத்து முகாமில் ஆடுமாடுபோல எண்ணி, மருந்து தெளித்து அனுப்பினார்கள் என்பதையும் அவர்களின் பேரப்பிள்ளைகள் மறக்கவில்லை.

அந்தப் பாதை மற்றொரு வாக்குக்கும் சாட்சியாயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியா ஏற்கும். மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். எல்லாம் பதினைந்து ஆண்டில் முடியும் என்றனர். இங்கும் தொகைகள் ஐயமற்றவை. ஆட்களைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. மூர்சமாவது காட்டுக்குள் சென்று பார்த்தார்!

மலையகத்தார் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பர். தாயகம் திரும்புவோர் என்று தாளில் எழுதப்பட்டவர்கள், பிறந்த லயத்தையும் புதைத்த பெற்றோரையும் விட்டு, தகரப் பெட்டியும் மூட்டையுமாக மலைநாட்டு நிலையங்களில் ஏறினார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் வந்ததுண்டு. மேடையில் நின்றவர் கதற, உள்ளே இருந்தவர் கதற, வண்டி நகரும். கண்டியைச் சூழ்ந்த அதே மலைகளிலிருந்து, பாட்டன்மாருக்குக் கிடைக்காத அந்தப் பாதையிலே, பேரர்கள் தலைமன்னாருக்குச் சென்றனர். அந்த வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி.'

பதினைந்து ஆண்டுக் கெடு முடிந்தது, வேலை முடியவில்லை. 1984இல், போரின் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, போகும் நாளை எதிர்பார்த்து லயத்தில் இருந்த பல்லாயிரவர் அப்படியே இருந்தனர். அவர்களுக்கும், விண்ணப்பமே செய்யாதிருந்தோருக்கும் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது 2003ஆம் ஆண்டில்.